கொழும்புக்கு ஒரு டிக்கெட்

சிதம்பரம் வழியாக ரயிலில் கொழும்புக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னால் என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான். "தாத்தா, நடுவுல கடல் இருக்கே?" என்று போனில் மேப்பைத் திறந்து காட்டுகிறான்.

கடல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் போனோம். நீங்கள் எழுபதைத் தாண்டியவராக இருந்தால், 'போட் மெயில்' என்ற பெயரைக் கேட்டதும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காருவீர்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் எழும்பூரில் கிளம்பும். விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று ராத்திரி முழுக்க ஓடி, மானாமதுரை, ராமநாதபுரம் தாண்டி, பாம்பன் பாலத்தில் ஊர்ந்து தனுஷ்கோடியில் போய் நிற்கும். அங்கே கப்பல் தயாராக இருக்கும். இரண்டு மணி நேரம் போல கடல். அக்கரையில் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். அதில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். எழும்பூரில் எடுத்த டிக்கெட் கொழும்பு வரைக்கும் செல்லும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருஷம் இப்படித்தான் நடந்தது. அதற்கு முன்னால் தூத்துக்குடி போய் அங்கிருந்து கப்பல்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போன லட்சக்கணக்கான ஜனங்கள் இந்தக் கடலைத்தான் தாண்டினார்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அவர்களை அக்கரைக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆருத்ரா தரிசனத்துக்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிதம்பரம் வருவது பரம்பரை வழக்கம். ரயில் எல்லாம் வருவதற்கு முன்பே, 1864-இல், ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைத்தார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்தர் மட்டக்களப்புப் பக்கம். எங்கள் ஊருக்குக் கொழும்பு என்பது வெளிநாடு மாதிரி இல்லை. கொஞ்சம் தள்ளி இருக்கிற ஊர், அவ்வளவுதான்.

என் அத்தையும் அப்படித்தான் கொழும்புக்குப் போனாள். 1955-இல் கல்யாணம். மாமா செட்டியார் தெருவில் ஒரு நகைக் கடையில் கணக்கு எழுதினார். "கொழும்பு மாப்பிள்ளை" என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

1963 மே மாதம், பள்ளிக்கூட லீவில், அப்பா என்னை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனார். எனக்குப் பத்து வயசு.

அப்பாவுக்குக் கடலூரில் குமாஸ்தா வேலை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஏறினோம். (கடலூர்க்காரர்கள் 'திருப்பாப்புலியூர்' என்பார்கள். துறைமுகத்துப் பக்கம் இருக்கிற இன்னொரு ஸ்டேஷன் 'ஓ.டி.') மூன்றாம் வகுப்பு. ஜன்னலோரம் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்து, ஆலப்பாக்கம் வருவதற்குள் கண்ணில் கரித்தூள் விழுந்து அழுதேன். அப்பா வேட்டி முனையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றினார். அந்தச் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஆயா வந்திருந்தாள். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். அந்த ராத்திரியில் குதிரை வண்டி வைத்துக்கொண்டு தனியாக வந்து, எந்தப் பெட்டி என்று தெரியாமல் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு மூட்டை. அப்பா கதவருகே நின்று "அம்மா! அம்மா!" என்று கத்தினார்.

மூட்டையை ஜன்னல் வழியாகத் திணித்தாள். சுண்டைக்காய் வற்றல், வடகம், அரிசி அப்பளம், நடராஜர் கோயில் விபூதி, பழைய புடவையில் தைத்த ஒரு குழந்தைத் துணி. அத்தைக்கு அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்து ஆறு மாசம்.

"அவ கிட்ட சொல்லுடா, அடுத்த வருஷம் ஆயா கண்டிப்பா வர்றேன்னு. சொல்லுவியா?"

வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள். அப்பா என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடுத்த வருஷம் நானே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேம்மா, நீ நில்லு, விழுந்துடப் போற" என்றார்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

பாம்பன் பாலத்தில் அப்பா என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேரே தண்ணீர். பெட்டியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ராமா ராமா என்றார். தனுஷ்கோடியில் சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. வெள்ளை மணலும் மீன் வாடையும். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், தடுப்பூசிச் சீட்டைப் பார்த்தார்கள். ஆயாவின் மூட்டையைப் பிரித்த அதிகாரி சுண்டைக்காய் வற்றலை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கப்பலில் நான் வாந்தி எடுத்தேன். கடல் பயணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தலைமன்னாரில் ஏறிய ரயில் எங்கள் ரயிலைவிட அகலமாக இருந்தது. நம்முடையது மீட்டர் கேஜ், அவர்களுடையது பிராட் கேஜ். 'சின்னத் தீவுக்குப் பெரிய ரயில், பெரிய தேசத்துக்குச் சின்ன ரயில்' என்று அப்பா சொல்லிச் சிரித்தார்.

விடிந்தபோது கொழும்பு.

கொழும்பு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் டீக்கடை ரேடியோவில் நாள் பூராவும் இலங்கை வானொலிதான். ஆனால் ரேடியோவில் கூட்டம் தெரியாதே! ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரோட்டைத் தாண்டினால் புறக்கோட்டை. அப்படி ஒரு கூட்டத்தை நான் தேர்த் திருவிழாவில் மட்டுமே பார்த்திருந்தேன். தேர்க் கூட்டம் ஒரே பக்கமாகப் போகும். இது எல்லாப் பக்கமும் போனது. சிவப்பு மாடி பஸ். தண்டவாளம் இல்லாமல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலி பஸ். சாரம் கட்டியவர்கள், கோட்டு போட்டவர்கள், குல்லா வைத்தவர்கள். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது.

ஒரு மூட்டை வண்டி என்னை இடிக்க வந்தது. மாமா என்னை இழுத்துக்கொண்டு, "நாட்டாமை வர்றான், ஒதுங்கு" என்றார். நான் மரியாதையாகக் கைகட்டி நின்றேன். எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் பஞ்சாயத்துப் பண்ணுகிறவர். கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை சுமக்கிறவர். மாமா இதை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தில் அத்தை வீடு. ஒன்றரை அறை. அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு மூட்டையைப் பிரித்து, விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அம்மா வாசனை அடிக்குதுண்ணே" என்றாள்.

பத்து நாள் இருந்தோம். இடியாப்பம், சொதி, சம்பல். பிரெட்டுக்குப் 'பாண்' என்று பெயர். மார்க்கெட்டில் அத்தை சிங்களத்தில் பேரம் பேசியதை வாயைப் பிளந்து பார்த்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறினால் மெதுவாகப் பேசச் சொல்வாள். 1958 கலவரத்தில் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கு ஏற்றாமல் இருந்தார்களாம். "அம்மாகிட்ட சொல்லிடாதண்ணே" என்றாள்.

கடைசி நாள் ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பாவும் அத்தையும் பேசினார்கள். ஆயா இருந்த சிதம்பரம் வீடு அடமானத்தில் இருந்தது. மீட்கவில்லை என்றால் போய்விடும். அத்தை கையிலிருந்து நாலு வளையலைக் கழற்றினாள். எட்டுப் பவுன். ஆயா அவளுக்குக் கல்யாணத்தில் போட்டது.

"வருஷம் திரும்பறதுக்குள்ள மீட்டுக் கொண்டாந்து குடுத்துடறேன்" என்றார் அப்பா.

"அது கெடக்கட்டும். அடுத்த வருஷம் ஆடிவேலுக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே. அம்மா தேர் பாக்கணும்."

கொழும்பில் ஆடிவேல் பெரிய திருவிழா. செட்டியார் தெருக் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ரதம் போகும்.

திரும்பி வரும்போது அந்த வளையல்கள் என் மடியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வந்தன. அந்த ஜனவரியில்தான் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தார். தனுஷ்கோடியில் தங்கம் என்றால் துருவித் துருவிப் பார்த்தார்கள். அதிகாரி என் டின்னைத் தட்டி, "என்னடா தம்பி?" என்றார். "பிஸ்கட்" என்றேன். உண்மையில் பிஸ்கட்டும் இருந்தது. இங்கிருந்து போன நகை இங்கேயே திரும்பி வருகிறது, அதற்கு ஒரு பொய். நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது. பெரிதுக்கு இனிமேல் வருகிறேன்.

*

வீடு மீண்டது. அடகுக் கடைக்குப் போன வளையல் மீளவில்லை. வட்டி ஏறியது. 1964 ஆடிவேலுக்குப் போகவில்லை. "பொங்கல் கழிச்சுப் போலாம்மா" என்றார் அப்பா.

பொங்கல் வருவதற்குள் டிசம்பர் வந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலமும் உடைந்தது. அந்தப் பாலத்தை 46 நாளில் சரிசெய்து காட்டிய இளம் எஞ்சினீயர்தான் பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன். ஆனால் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அப்பா பேப்பரைக் கொண்டுபோய் ஆயாவிடம் காட்டினார். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தாள்.

"தண்டவாளமே கடலுக்குள்ள போயிடுச்சும்மா. இனிமே எப்படிப் போறது?"

ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப எம் பொண்ணு அந்தாண்ட, நான் இந்தாண்டயா?" என்று மட்டும் கேட்டாள்.

அதே மாதத்தில் வளையல் ஏலத்தில் போனதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னாள்.

இப்போது நீங்கள் ஒன்று கேட்கலாம். அத்தை வந்திருக்கலாமே? அது லேசான காரியமாக இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்திலிருந்தே அங்கே இருந்த இந்தியத் தமிழர்கள் பாதிப் பேருக்கு மேல் எந்த நாட்டுக்காரர் என்பதே தெரியாமல் கிடந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று மாமாவுக்குப் பயம். போவதென்றால் இங்கிருந்துதான் போக வேண்டும். அப்பாதான் போக வேண்டும்.

போகவும் முடியும். இதுதான் விஷயம்.

1970-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புகுமுக வகுப்பு சேர்ந்தேன். ஹாஸ்டலில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன். புயலுக்குப் பிறகு எப்படி வந்தாய் என்று அனுதாபத்தோடு கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தான்.

"ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடுதுதானே. நான் அதிலைதான் வந்தனான்."

தனுஷ்கோடி போன பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'ராமானுஜம்' என்ற கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தப்படி தோட்டத்து ஜனங்களை மூட்டை முடிச்சோடு இங்கே கொண்டுவந்து இறக்கியதும் அந்தக் கடல் வழிதான்.

அந்த வாரம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "எனக்குத் தெரியும். ஆயாகிட்ட ஒளறி வெக்காத" என்றார்.

நான் ஒளறவில்லை. அதுதான் அந்தப் பெரிய பொய். அடுத்த வருஷம் ஆயா செத்துப் போகும்வரை, வாரா வாரம் காலேஜிலிருந்து அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அவள் கத்தரிக்காய் கொத்சு வைத்துப் போட்டுவிட்டு, "ரயில் உட்டுட்டாங்களாடா?" என்று கேட்பாள். "இன்னும் இல்ல ஆயா" என்பேன். ரயில் விடவில்லை என்பது உண்மை. பிஸ்கட் டின்னில் பிஸ்கட் இருந்தது உண்மை மாதிரி.

*

அத்தை 1981-இல் இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு எங்களுக்குக் கடிதம் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. மாமா வேலை பார்த்த கடையும் போயிற்று. 1980களின் நடுவில் ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கடலில் அகதிகள் மட்டுமே வந்தார்கள், கள்ளத்தோணியில். எங்கள் கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் வந்தன. அந்த முகாம் பக்கம் போக நேர்ந்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டே நடப்பார். 1989-இல் அவரும் போய்விட்டார்.

போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதையை 2015-இல் மறுபடி திறந்தார்கள் என்று படித்ததும் எனக்கு உடம்பு என்னவோ செய்தது. 2018-இல் கிளம்பினேன். விமானத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்து பெல்ட் போட்டு, கொடுத்ததைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

கோட்டை ஸ்டேஷன் அப்படியே இருக்கிறது. எதிரே புறக்கோட்டைக் கூட்டமும் அப்படியே. அறுபத்தைந்து வயதில் அந்தக் கூட்டத்துக்குள் நின்று, யாராவது என்னைக் கையைப் பிடித்து ஒதுக்குவார்களா என்று பார்த்தேன். "அங்கிள், சைட்" என்று ஒரு நாட்டாமைதான் ஒதுக்கினார்.

அத்தையின் மகள், அந்த ஆறு மாசக் குழந்தை, வெள்ளவத்தையில் இருக்கிறாள். ஐம்பத்தைந்து வயசு, அத்தையின் அதே நெற்றி. நான் போகும்போது கடலூரில் செய்த நாலு வளையல் கொண்டு போயிருந்தேன். எல்லாக் கதையையும் சொன்னேன். அடமானம், ஏலம், கப்பல், அப்பாவின் வெட்கம், என் பொய்.

அவள் வளையலைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்:

"அம்மா வளையலைப் பத்தி ஒரு நாளும் பேசினது இல்லை மச்சான். மாமா ஏன் வரலைன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருப்பாங்க. வந்தப்ப சரியா கவனிக்கலை போலன்னு சொல்வாங்க. ஒன்றரை ரூம் வீடு, அண்ணனைத் தரையில படுக்க வெச்சேன், அதுல கோவமா இருக்கும்னு. சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னாங்க."

கேட்டீர்களா? இவர் வெட்கத்தில் போகவில்லை. அவள் தன் மேல்தான் தப்பு என்று இருந்திருக்கிறாள். நடுவில் இருந்த கடலின் மேல் இரண்டு பேரும் பழியைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கடல் இரண்டு மணி நேரத்தில் தாண்டுகிற கடல்.

மறுநாள் கோட்டையிலிருந்து ரயில் ஏறித் தலைமன்னார் போனேன். பழைய இறங்குதுறை இடிந்து கிடக்கிறது. நேர் எதிரே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தனுஷ்கோடி. ஆயாவின் விபூதி கொஞ்சம் போலத் தண்ணீரில் போட்டேன். அவள் வரவே வராத ஊர்.

இப்போது 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்தார்கள். சிதம்பரம் வழியாக ராமேஸ்வரத்துக்கு இப்போதும் ராத்திரி ஒரு ரயில் போகிறது. போட்டே இல்லாவிட்டாலும் அதற்குப் பெயர் போட் மெயில்தான். சிதம்பரத்தில் அது ஒன்றிரண்டு நிமிஷம் நிற்கும்போது யாராவது ஒரு கிழவி மூட்டையோடு பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து ஓடுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். கடனோ, கல்யாணத்தில் ஒரு வார்த்தையோ, ஏதோ ஒன்றில் போகாமல் விட்டிருப்பீர்கள். லீவு கிடைக்கவில்லை, பஸ் வசதி இல்லை, தூரம் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பாதை இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

வளையல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மூன்று நாள் கழித்து நான் விமான நிலையம் கிளம்பும்போது அவள் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "அடுத்த வருஷம் வாங்க மச்சான்" என்றாள்.

அடுத்த வருஷமே போனேன்.